கால் இல்லாத வெள்ளைக்காரி

“கால் இல்லையா?” என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. “நன்றாகப் பார்த்தீர்களா?”

சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் நகருக்கு மேலே, ஏரியைப் பார்த்த சரிவில் இருக்கும் ஒரு பழைய ஹோட்டலின் மூன்றாம் மாடி நடை அது. சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. வெளியே மழை. பதினான்கு விருந்தினர்கள் சுவரோரமாக நின்றார்கள். அவர்களுடைய குடைகளில் இருந்து மெழுகு பூசிய பலகைத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கழுத்துப்பட்டி கட்டி, கையில் பெரிய இரும்புச் சாவி ஒன்றைப் பிடித்தபடி, அந்த வீட்டில் உலாவும் மிஸ் ஹாரியட்டின் ஆவியைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குரல் கொடுத்தவர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. எண்பதைத் தாண்டியிருப்பார். வகுப்பில் பிள்ளைகள் கை உயர்த்துவது போலக் கைத்தடியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“இல்லை, அம்மா,” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “பாவாடை தரைக்கு ஒரு சாண் மேலே முடிகிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.”

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்தி, சாவியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

“விசித்திரம்,” என்றார் அந்த அம்மா. “என் அத்தைக்கு இந்த ஏரியைச் சுற்றி யாருக்குமே இல்லாத அளவு பெரிய பாதங்கள்.”

சாவி கையில் இருந்து வழுக்கி விழுந்தது. பேய்க்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் ஒருநாள் ரயில் ஏறி வருவார்கள் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

அந்த அம்மாவை அங்கேயே நிறுத்திவிட்டு, நான் அந்தக் கழுத்துப்பட்டிக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சென்ற வாரம் இந்தப் பத்தியில் சமையலறை நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, “கோப்பை கழுவிய ஆளுக்கு வழிகாட்டி வேலை எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில்தான் அவ்வளவு நியாயமானது அல்ல.

தொட்டியும் கையும்

நூறு வருடங்களுக்கும் மேலாகிறது, யாரோ ஒரு இங்கிலாந்துப் பணக்காரர் இந்த மலைச்சரிவில் வந்து, தன் நாட்டில் இருந்த கிராமத்து மாளிகை மாதிரியே இன்னொன்றைக் கட்டினார். கூரான கூரைகள், சுவரெல்லாம் படர்ந்த ஐவிக்கொடி, அறைக்கு அறை கணப்பு, வாசலில் இரண்டு கல் நாய்கள். சுவிஸ் வீடுகளுக்கு நடுவே அது வேறு ஊர்க் கலியாணத்துக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி நிற்கும். அந்தக் குடும்பம் போன பிறகு ஹோட்டலாகியது. நாங்கள் தமிழர்கள் அதை ‘வெள்ளைக்காரி வீடு’ என்போம். அந்தப் பெயரை யார் வைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

என் வேலை கோப்பை கழுவுவது. பதினோரு வருடம் அந்தத் தொட்டியடியில் நின்றேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் வருடம் என் கைகள் வேலைநிறுத்தம் செய்தன. விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, சிவந்து, நீர் வடிந்தது. கையுறை போட்டால் வியர்த்துப் புண்ணாகியது, போடாவிட்டால் சவர்க்காரம் எரித்தது. டொக்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் மூன்று மாதம் தண்ணீரில் நின்றால் பிறகு இந்தக் கைகளால் சட்டைக்குப் பொத்தான்கூடப் போட முடியாது,” என்றார்.

ஹோட்டல் டிரெக்டரிடம் டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோனேன். அவர் மோசமான மனிதர் அல்ல. ஒழுங்கான மனிதர். அது சில வேளைகளில் மோசத்தைவிடச் சிரமம். கடிதத்தை இரண்டு தடவை வாசித்து, நேராக மடித்து, “தண்ணீர் இல்லாத வேலை இப்போது ஒன்றும் காலியாக இல்லை,” என்றார்.

எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிச் சில மாதங்களே ஆன காலம் அது. ஹோட்டலில் பாதி அறைகள் சும்மா கிடந்தன. ஆள் வரவைக்க டிரெக்டர் என்னென்னவோ யோசித்தார். ஒருநாள் வேலையாட்களை எல்லாம் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டி, “இப்படி ஒரு இங்கிலாந்து வீட்டில் பேய் இல்லை என்றால் விருந்தினர்கள் ஏமாந்து போகிறார்கள்,” என்றார்.

பரணில் இருந்த பழைய காகிதங்களில் அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு விபரம்தான். மிஸ் ஹாரியட் என்ற பெண் இந்த வீட்டில் தனியாக வாழ்ந்து, மூன்றாம் மாடியில் இறந்திருக்கிறார். மிச்சத்தை டிரெக்டரே நிரப்பி இணையத்தில் போட்டுவிட்டார்: காதலனுக்காகக் காத்திருந்து இறந்த கன்னி, இன்றும் உலாவுகிறாள்.

“உங்களில் யாராவது அவளைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

போர்த்துக்கல்காரர்கள் சிரித்தார்கள். அறை துப்புரவு செய்யும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த நிமிடம் இரண்டு கையும் எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றை உயர்த்தினேன்.

எனக்குத் தெரிந்த பேய்

“எப்படி இருந்தாள்?” என்று டிரெக்டர் பேனாவை எடுத்தார்.

இங்கேதான் பிழை நடந்தது. இங்கிலாந்துப் பேய் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத்துப் பேய் மட்டும். அதையும் நேரில் கண்டதில்லை. சின்ன வயதில் மற்றப் பொடியள் சொல்லிக் கேட்டதுதான். ஆகவே கைவசம் இருந்த சாமானைக் கொண்டு சமைத்தேன். வெள்ளை உடுப்பு. அவிழ்த்துவிட்ட தலைமயிர். நிலத்தில் படாத, இல்லாத கால்கள். வந்தால் மல்லிகை வாசம் வரும். போனால் கொலுசுச் சத்தம் கேட்கும்.

டிரெக்டர் எல்லாவற்றையும் எழுதினார். “மிகவும் துல்லியமாகப் பார்த்திருக்கிறீர்கள்,” என்றார்.

“எத்தனை மணிக்கு வருவாள்?” என்று அடுத்த கேள்வி. நள்ளிரவு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க நள்ளிரவில் வேலை செய்ய வேண்டி வந்திருக்கும். நல்ல காலம், எங்கள் ஊர்ப் பேய்களுக்கு இரண்டு முறை வேலை உண்டு. உச்சி மத்தியானத்திலும் அவை உலாவும். வெயில் தலைக்கு மேலே நிற்கும் நேரத்தில் ஆலமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

“சரியாகப் பகல் பன்னிரண்டு,” என்றேன்.

டிரெக்டருக்கு அது இன்னும் பிடித்துக்கொண்டது. மத்தியானப் பேய் என்றால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம், கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம். அந்தக் கோடைக்கு மட்டும் பரீட்சார்த்தமாக என்னை மேலே எடுத்தார். சனி, ஞாயிறு பேய். மற்ற நாட்களில் விருந்தினரின் பெட்டிகளைத் தூக்குவது. தண்ணீர் இல்லை. மக்கள் வராவிட்டால் திரும்பவும் தொட்டி.

மக்கள் வந்தார்கள். ஓல்டன் என்ற ஊரில் இருந்து வந்த, ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினியர் ஒருவர் மட்டும் என்னை மடக்கினார். “கால் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கொலுசு எங்கே கட்டியிருக்கிறது?”

என் நாற்பத்தைந்து வயதுவரை எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அந்த மனிதருக்கு இரண்டு நிமிடத்தில் தோன்றிவிட்டது. “அதுதான் இந்த வீட்டின் மர்மம்,” என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி சாந்திக்கு இது பெரிய பகிடி. பக்கத்து நகரமான சூக்கில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வந்து, மாலையில் என் கைகளுக்குக் களிம்பு பூசிவிடுவாள். “வெள்ளைக்காரிக்குக் கொலுசு போட்டு விட்ட முதல் ஆம்பிளை நீங்கள்தான்,” என்பாள். “எனக்கு ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை.”

ஆனால் கைகள் ஆறத் தொடங்கியிருந்தன. அது அவளுக்கும் தெரிந்தது. ஆகவே பகிடியோடு நிறுத்திக்கொண்டாள்.

உண்மையான ஹாரியட்

இப்போது அந்த மழை நாளுக்குத் திரும்புகிறேன்.

சுற்று முடிந்ததும் அந்த அம்மா என்னைக் கீழே தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். பெயர் டொறத்தி. ஹாரியட்டின் தம்பியின் மகள். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லை. ஏறும்போது நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கியவர், இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்ன ஹாரியட்டுக்கும் நான் கட்டிய ஹாரியட்டுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. உயரமான, தடித்த மனுஷி. தலைமயிரை ஆண்கள் மாதிரிக் கட்டையாக வெட்டியிருந்தாராம். பூ வாசம் பட்டால் தும்மல் வருமாம். லுசேர்ணில் ஒரு சப்பாத்துக்காரர் அவருக்கென்று தனியாக அச்சு வைத்திருந்தாராம். அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும் என்று ஊரில் சிரிப்பார்களாம்.

“காதலன்?” என்று கேட்டேன்.

“ஒருவர் கேட்டுப் பார்த்தார். சாப்பிடும்போது அவர் அதிகம் பேசுகிறார் என்று அத்தை வேண்டாம் என்றுவிட்டார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசைத்துணியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார்.

“சின்ன வயதில் ஒவ்வொரு கோடையும் இங்கேதான் இருந்தேன். என் பெற்றோருக்கு என்னைவிட அவர்களுடைய சண்டைதான் முக்கியம். அத்தைதான் என்னை வளர்த்தார். கடைசியில் நோய்வாய்ப்பட்டபோது கடிதம் எழுதினார். செர்ரிப்பழம் முடிவதற்கு முன் வா என்று. எனக்கு அப்போது முப்பது வயது, புதிய வேலை, புதிய நண்பர்கள். அடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தேன்.”

செர்ரிப்பழம் முடிந்துவிட்டது. அத்தையும் முடிந்துவிட்டார். ஐம்பது வருடத்துக்கும் மேலாகிறது.

“என் சிநேகிதி ஒருத்தி இணையத்தில் இந்த வீட்டைப் பற்றிப் படித்துச் சொன்னாள். காத்திருக்கிறாள், அழுதுகொண்டு அலைகிறாள் என்று எழுதியிருந்ததாம். அதனால்தான் வந்தேன். கொலுசும் பூவும் விருந்தினருக்காகச் சேர்த்த அலங்காரமாக இருக்கட்டும், ஆனால் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள், அத்தை அழுகிறாரா? என்மேல் கோபமாக இருக்கிறாரா?”

மழை நாளில் சரியாகத் தெரியவில்லை, நாளை மத்தியானம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வெடிப்பு ஆறிய இடத்தில் அவருடைய மோதிரம் பட்டது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டு ஆலோசனைகள்

அன்று மாலை சாந்தி களிம்பை எடுத்துவந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பகிடி பண்ணவில்லை.

“இஞ்சருங்கோ, அந்த மனுசி இந்த வயதிலை ரயிலேறி வந்து, நீங்கள் சொன்ன பொய்யிட்டை மன்னிப்புக் கேக்கிறா. உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையோ?”

“உண்மையைச் சொன்னா வேலை போகும். என்ரை கையைப் பார்.”

“கையைப் பாத்துக்கொண்டுதான் கேக்கிறன்,” என்றாள். பூசி முடித்துவிட்டுக் களிம்புக் குழாயின் மூடியை இறுக்கி மூடினாள்.

ஞாயிறு காலை சமையலறையில் சிவம் அண்ணையிடம் கேட்டேன். சிவம் அண்ணை மட்டக்களப்பு. எங்கள் ஹோட்டலில் சமையல்காரர். இறைச்சியையும் பிரச்சினையையும் ஒரே கத்தியால் வெட்டுகிற ஆள்.

“இதென்னடா பெரிய காரியம், ராசன்? அத்தை சிரிச்சுக்கொண்டு திரியிறா, கோவம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. மனுசி சந்தோசமாப் போகும். உன்ரை வேலையும் நிக்கும். ஆருக்கு நட்டம்?”

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு பொய்தான், ஆனால் நல்ல பொய். கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். உங்கள் அத்தை சிரிக்கிறார், அம்மா. உங்கள் அத்தை சிரிக்கிறார். கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு மேலே போனேன்.

மேசையில் ஒரு காகிதம்

பன்னிரண்டு மணிக்கு டிரெக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே டொறத்தி அம்மா இருந்தார். டிரெக்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மேசையில் ஒரு காகிதம் கிடந்தது.

“ஹெர் ராசன், நல்ல செய்தி,” என்றார், ஜெர்மன் மரியாதையோடு. “இந்த அம்மா மூன்றாம் மாடி அறையை மாதக்கணக்கில் எடுக்கிறார். நிரந்தரமாக.”

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

“இங்கிலாந்தில் இருக்கிற என் வீட்டைக் கொடுத்துவிடப் போகிறேன்,” என்றார். “அத்தை இங்கே இருக்கிறார் என்றால் இரண்டாவது தடவையும் அவரைத் தனியாக விட முடியாது. அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி, பக்கத்தில் இருப்பேன்.”

எண்பத்து நான்கு வயது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடையில் வந்து நின்று, யாழ்ப்பாணத்துப் பொடியள் கட்டிவிட்ட ஒரு பேய்க்காகக் காத்திருப்பார். நான் தினமும் அந்தப் பக்கமாகப் பெட்டி தூக்கிக்கொண்டு போவேன். பனிக்காலத்திலும் போவேன். அவர் ஒருநாள் படியில் வழுக்கி விழும்வரைக்கும் போவேன்.

சிவம் அண்ணையின் நல்ல பொய் அங்கே நின்றுவிட்டது.

“அம்மா, கையெழுத்துப் போடாதேங்கோ,” என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். “இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பேய்க்கும் கால் இருக்காது, அதனால் உங்கள் அத்தைக்கும் இல்லை என்று சொன்னேன். மல்லிகையும் எங்களுடையது. கொலுசும் எங்களுடையது. தொட்டியில் கோப்பை கழுவி என் கை பழுதாகிவிட்டது. அதில் இருந்து தப்பத்தான் பொய் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

டிரெக்டரின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. அவர் கத்தவில்லை. மேசையில் இருந்த வேலை அட்டவணையை எடுத்து, என் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, கீழே சமையலறை வரிசையில் எழுதினார். “பேய்ச் சுற்று முடிந்தது. நாளை காலை ஆறரைக்குத் தொட்டியடியில் நில்லுங்கள்,” என்றார். சொல்லிவிட்டு ரத்துச் செய்யும் அறிவித்தலை எழுத வரவேற்புக்குப் போய்விட்டார்.

டொறத்தி அம்மா என்மேல் கோபப்படுவார் என்று நின்றேன். நிம்மதியாவது அடைவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. அவர் பேனாவை மூடினார். முகம் சட்டென்று சுருங்கிப் போனது.

“அப்படியானால்,” என்றார், “நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?”

உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அது எவ்வளவு மடத்தனம் என்று அப்போதுதான் விளங்கியது. பொய்யாவது அவருக்குக் கேட்பதற்கு ஒரு ஆளைக் கொடுத்திருந்தது. நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

குளிர்ந்த ஆட்டிறைச்சி

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பேய்க்கதை அல்ல.

“அம்மா, பேயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது,” என்றேன். “ஆனால் செத்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் ஒன்று செய்வார்கள். அவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்து, ஒரு அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் எல்லோரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, மிச்சத்தை நாங்கள் சாப்பிடுவோம்.”

“எப்போது செய்வீர்கள்?”

“ஆள் போய் எட்டாம் நாள். அந்த வாக்கில்.”

“எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது.”

“எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்கே மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்கள்,” என்றேன். “யாரும் கோபித்துக்கொள்வதில்லை.”

அவர் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. குளிர்ந்த ஆட்டிறைச்சி, நிறையக் கடுகு விழுது, தடிப்பாக வெட்டிய பாண் ரொட்டி, புளிப்பான ருபார்ப் ஜாம், பால் விடாத தேநீர். ஐம்பது வருடம் நாக்கில் வைத்திருந்தவர் மாதிரி வரிசையாகச் சொன்னார்.

சிவம் அண்ணை கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். “குளிர்ந்த ஆட்டிறைச்சியோ? செத்த ஆளுக்கு இப்பிடியே குடுக்கிறது? கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டித் தாறன்.”

“வேண்டாம் அண்ணை. அவவுக்கு இதுதான் விருப்பமாம்.”

“பாவம் மனுசி,” என்றார் அண்ணை. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் முதல்நாள் விருந்துக்குச் சுட்டு மிஞ்சியிருந்த தொடை இறைச்சியை எடுத்து, கையைக் கழுவிவிட்டு, மெல்லிசாக, ஒழுங்காக அரிந்து தந்தார். “உன்ரை வேலை என்னாச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “விசரன்,” என்று சொல்லி, ஒரு துண்டை அதிகமாக வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கடைகள் பூட்டு. வாழையிலைக்கு வழியில்லை. இலையில் போட்டால் அத்தை தொடமாட்டார் என்று டொறத்தி அம்மாவும் சொல்லிவிட்டார். நீலக் கரை போட்ட பீங்கானில் வைத்தோம். விளக்கு ஏற்ற முடியாது, தீ எச்சரிக்கை மணி அடித்து முழு ஹோட்டலும் ஓடும். கிறிஸ்மஸ் அலங்காரங்கள் வைத்த நத்தார்ப் பெட்டியில் கிடந்த மின்கல மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்தேன். மூன்றாம் மாடி அறையில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு சிறிய மேசை. தட்டு, கோப்பை, ஜாம். தேநீரில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. டொறத்தி அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து விட்டார். “உயரமானவர். கால் நீட்ட இடம் வேண்டும்,” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

நடையில்

மழை விட்டிருந்தது. நடையின் கோடியில் இருந்த ஜன்னலால் வெயில் விழுந்தது. டொறத்தி அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டேன். அவர் உட்கார மறுத்தார். அத்தை சாப்பிடும்போது யாரும் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதியோ, அவரே அப்போது போட்ட விதியோ தெரியாது. கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றி நின்றார்.

படியில் சப்பாத்துச் சத்தம். டிரெக்டர். சாவிக்கொத்தும் மணிக்கூடுமாக வந்தார்.

“ஹெர் ராசன், இந்த அறைக்கு மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். இங்கே என்ன நடக்கிறது?”

டொறத்தி அம்மா உதட்டில் விரலை வைத்தார். “மெதுவாக. சாப்பிடுகிறார்.”

டிரெக்டர் என்னைப் பார்த்தார். நான் தாழ்ந்த குரலில் விளங்கப்படுத்தினேன். பேய் இல்லை, அதில் மாற்றமில்லை, இது வேறு என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் கதவில் மூன்று தரம் தட்டினேன். திறந்துவிட்டேன். டொறத்தி அம்மா தனியாகப் போகலாமா என்று கேட்டார். போங்கோ என்றேன். உள்ளே போய்க் கதவைத் தானே மூடிக்கொண்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவருடைய குரல், சின்னப் பிள்ளைகள் களவாக ஒன்று செய்துவிட்டு வந்து சொல்லும்போது வருகிற குரல். சொற்கள் விளங்கவில்லை. நிறையப் பேசினார். நடுவில் ஒருமுறை நின்று அழுதார். பிறகு கரண்டி கோப்பையில் படும் சத்தம். பிறகு திரும்பவும் பேச்சு, இப்போது சாதாரணமாக, ஊர்ச் செய்தி, புதினம் சொல்வது போல.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவில்லை. டிரெக்டர் எனக்குப் பக்கத்தில், அதே சுவரில், முதலில் நேராகவும் பிறகு கொஞ்சம் சாய்ந்தும் நின்றார். மூன்று மணிக்கு வர இருந்தவர்களுக்கு வேறு அறை கொடுக்கும்படி கீழே தொலைபேசியில் இரண்டு சொல் சொன்னார்.

“என் அப்பாவுக்கு,” என்றார் திடீரென்று, தரையைப் பார்த்துக்கொண்டு, “வெண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு பிடிக்கும். கருகின ஓரத்தைத்தான் முதலில் எடுப்பார்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“நாங்கள் இருவரும் கடைசி ஆறு வருடம் பேசவில்லை,” என்றார். சாவிக்கொத்தை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே இருப்பீர்களா?”

“கீழே இருப்பேன், ஐயா. தொட்டியடியில்.”

“இல்லை,” என்றார் டிரெக்டர். “மேலே இருங்கள்.”